மூன்றாவது பீம்

இது கட்டுக்கதை இல்லை. முதலிலேயே சொல்லிவிடுகிறேன். ஷாமினி என் மனைவியின் தங்கை. பிரிக்பீல்ட்ஸில் எங்கள் வீட்டுக்கு இரண்டு மாடி மேலே இருக்கிறாள். ஒன்றை இரண்டாக்கிச் சொல்லத் தெரியாதவள். பேய் பிசாசு என்று யாராவது ஆரம்பித்தால், "வேற வேலை இல்லையா?" என்று எழுந்து போய்விடுவாள். அவளுக்கு நடந்ததைத்தான் எழுதுகிறேன். அவள் கைப்பேசியில் இருந்த ஆறு படங்களையும் என் கண்ணால் பார்த்திருக்கிறேன். நம்பாதவர்கள் நம்ப வேண்டாம், எனக்கு ஒரு நஷ்டமும் இல்லை.

இன்னொன்று. நடு ராத்திரி, நாய் ஊளை, மல்லிகை வாசம் என்று எதிர்பார்த்து வந்தவர்கள் மன்னிக்கவும். இது நடந்தது பட்டப்பகலில். போன வருடம் ஆகஸ்ட் மாதம், ஒரு வெள்ளிக்கிழமை. மதியம் 12.40க்கு ஆரம்பித்து 1.58க்கு முடிந்தது. வெளியே மண்டையைப் பிளக்கும் வெயில்.

ஷாமினி கிள்ளானில் ஒரு தனியார் பரிசோதனைக் கூடத்தில் பொறியாளர். கட்டடத்துக்குப் போகும் பீம், தூண், தரைப் பலகை என்று எதைக் கொண்டுவந்து கொடுத்தாலும், அதன் மேல் பாரம் ஏற்றி, எவ்வளவில் விரிசல் விடுகிறது, எவ்வளவில் உடைகிறது என்று எழுதிக் கொடுப்பார்கள். சுருக்கமாகச் சொன்னால் உடைப்பதுதான் அவள் வேலை. பதினொரு வருடமாக உடைக்கிறாள்.

அந்த மாதம் வந்தது ஒரு புது மாதிரி பீம். வழக்கமான கனத்த இரும்பு இல்லை. மெல்லிய இரும்புத் தகட்டைச் சூடாக்காமல் அப்படியே மடித்து, இரண்டை முதுகோடு முதுகு சேர்த்து, அதன் மேல் அகலமான கான்கிரீட் பலகை வார்த்திருப்பார்கள். தகட்டின் மேல்விளிம்பில் வரிசையாக ஸ்க்ரூ. ஸ்க்ரூவின் தலையெல்லாம் கான்கிரீட்டுக்குள் புதைந்திருக்கும். தகடும் கான்கிரீட்டும் ஒன்றையொன்று விடாமல் பிடித்துக்கொண்டிருப்பது அந்த ஸ்க்ரூக்களால்தான். பிடி இருந்தால் மலை மாதிரி நிற்கும். பிடி விட்டால் தகடு வேறு, கான்கிரீட் வேறு. இரண்டும் கீழே வந்துவிடும்.

பீமை அனுப்பியவர் கார்த்திகேசு என்ற கட்டடக் குத்தகையாளர். காப்பாரில் நான்கு மாடி விடுதி ஒன்று கட்டியிருந்தார். தரை முழுக்க இந்த பீம்தான். கையுறைத் தொழிற்சாலையில் வேலை செய்யும் பெண்கள் அறுபத்து நான்கு பேர் மறுநாள் சனிக்கிழமை காலை எட்டு மணிக்கு அங்கே குடியேற வேண்டும். அதற்கு ஒரு அறிக்கை தேவை. மூன்று பீம்களை உடைத்துப் பார்த்து, மூன்றும் தொண்ணூறு கிலோநியூட்டனுக்கு மேல் தாங்கின என்ற அறிக்கை. பத்து கிலோநியூட்டன் என்பது ஏறக்குறைய ஒரு டன் என்று வைத்துக்கொள்ளுங்கள். அப்படியானால் ஒன்பது டன்.

முதல் பீம் 116 வரை போனது. இரண்டாவது 121. நல்ல பீம்தான். மூன்றாவது இன்னும் பரிசோதனைச் சட்டத்தில் ஏறி, சுண்ணாம்பு அடித்து, தொடப்படாமல் நின்றது.

12.40க்குக் கூடத்தின் மேலாளர் கமலநாதன் வந்து அறிக்கையை அவள் மேசையில் போட்டார். மூன்று பீமுக்கும் கணக்கு எழுதியிருந்தது. மூன்றாவது பீம், 118 கிலோநியூட்டன்.

ஷாமினி இரண்டு தடவை படித்தாள்.

"போஸ், மூணாவது இன்னும் உடைக்கவே இல்லையே."

"அதே மாதிரிதான்லா வரும். ரெண்டையும் பார்த்து நடுவுல ஒரு நம்பர் போட்டாச்சு. மூணு மணிக்குள்ள சைன் பண்ணி வை."

"உடைக்காத பீமுக்கு நான் எப்படி சைன் பண்றது?"

"பேனாவாலதான்." அவர் சிரித்தார். கார்த்திகேசு கதவருகே நின்று கார்ச் சாவியைச் சுழற்றிக்கொண்டிருந்தார். அவரும் சிரித்தார்.

"அறுபத்து நாலு பேரு அது மேல படுக்கப் போறாங்க போஸ்."

"எத்தனை வருஷமா இங்க வேலை செய்யிற?"

"பதினொண்ணு."

"அப்ப இன்னுமா கத்துக்கல?"

இருவரும் வாழையிலைச் சாப்பாட்டுக்குக் கிளம்பிப் போனார்கள். ஷாமினிக்கு ரத்தம் கொதித்தது. பதினொரு வருடம் அவள் போட்ட ஒவ்வொரு கையெழுத்துக்கும் பின்னால் அவள் கண்ணால் பார்த்த ஓர் உடைப்பு இருந்தது. இன்று ஒருவன் சாப்பாட்டுக்குப் போகிற அவசரத்தில் அதைப் பிச்சை மாதிரி கேட்கிறான், அதையும் சிரித்துக்கொண்டே கேட்கிறான் என்று அவள் பல்லைக் கடித்தாள்.

கூடத்தில் அவளுக்கு உதவியாளாக இருக்கும் இம்ரான் தொப்பியை மாட்டிக்கொண்டு வந்தான். கீழக்கரைப் பையன், வேலை பெர்மிட்டில் வந்து நான்கு வருடம் ஆகிறது. "அக்கா, ஜும்மாவுக்குப் போயிட்டு வரேன். ரெண்டரைக்கு வந்துருவேன்."

"போயிட்டு வா."

வெள்ளிக்கிழமை மதியம் அந்தத் தொழிற்பேட்டையே அடங்கிவிடும். தொழுகைக்குப் போகிறவர்கள் தொழுகைக்கு, மற்றவர்கள் சாப்பாட்டுக்கு. அன்றும் அப்படித்தான். கூடத்தில் அவள் ஒருத்திதான்.

தனியாக யாரும் பீமை உடைக்கக் கூடாது. அது விதி. ஷாமினி அந்த விதியை எழுதியவர்களில் ஒருத்தி. ஆனால் கோபம் வந்தால் அவளுக்குக் கண் தெரியாது. மூணு மணிக்குள்ள நம்பர் வேணுமா? நானே எடுத்துத் தரேன். உண்மையான நம்பர்.

பெரிய கதவை இழுத்துப் பூட்டினாள். பக்கத்துக் கதவுக்கு உள்தாழ்ப்பாள் போட்டாள்.

வேலை எப்படி நடக்கும் என்று சொல்லிவிடுகிறேன். பீம் இடுப்பளவு உயரத்தில் இரண்டு முட்டுகளின் மேல் படுத்திருக்கும். மேலிருந்து ஜாக் அழுத்தும். பத்தடி தள்ளி பம்ப். அதை அடித்தால் பாரம் ஏறும், எவ்வளவு என்று பக்கத்துத் திரையில் எண் ஓடும். பத்துப் பத்தாக ஏற்றி, ஒவ்வொரு பத்துக்கும் நிறுத்தி, விரிசலைத் தேட வேண்டும். விரிசலை ஒட்டிக் கோடு போட்டு, நுனியில் அப்போதைய பாரத்தை எழுத வேண்டும். வெள்ளைச் சுண்ணாம்பில் தலைமுடி அளவு விரிசலும் தெரிந்துவிடும். ஆனால் கோடு போடுவது பக்கவாட்டில் மட்டும்தான். பாரம் ஏறிய பீமுக்கு அடியில் யாரும் தலையைக்கூட நீட்டக் கூடாது. சுவரில் சிவப்பு எழுத்தில் எழுதியே வைத்திருக்கிறார்கள். அடிப்பக்கம் பார்க்க வேண்டுமென்றால் கைப்பேசியை நீளக் குச்சியில் மாட்டி, உள்ளே நீட்டி, படம் எடுக்க வேண்டும்.

12.58க்கு முதல் படம் எடுத்தாள். பலகையின் அடிப்பக்கம் சுத்தமான வெள்ளை. ஒரு புள்ளி இல்லை.

பம்பை அடித்தாள். ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக்.

1.03. பத்து. குச்சியை நீட்டினாள். படத்தில் நடுவில் ஒரு மெல்லிய விரிசல். பத்துக்கே விரிசலா? முதல் இரண்டு பீமும் நாற்பது வரை வாயே திறக்கவில்லை. அதைவிட இன்னொன்று உறுத்தியது. விரிசலை ஒட்டி ஒரு கறுப்புக் கோடு. அதன் நுனியில் 20 என்று ஓர் எண்.

இம்ரான் கிறுக்கி வைத்திருக்கிறான் என்று நினைத்தாள். அதுவும் தப்பான எண். வரட்டும், கவனித்துக்கொள்கிறேன் என்று பம்புக்குத் திரும்பினாள்.

1.12. இருபது. இன்னும் இரண்டு விரிசல். இரண்டையும் ஒட்டிக் கோடு. நுனியில் 40.

அவள் நின்றாள். அது மார்க்கர் கோடு இல்லை. ஆசாரிகள் காதில் செருகியிருப்பார்களே, அந்தத் தட்டைப் பென்சில். தடித்த, அழுத்திப் போட்ட கோடு. இந்தக் கூடத்தில் அப்படி ஒரு பென்சில் கிடையாது.

1.21. முப்பது. கோடு. 60.

இப்போதுதான் முதல் படத்தைத் திரும்ப எடுத்துப் பார்த்தாள். 12.58. வெள்ளை. ஒன்றுமே இல்லை. அடுத்த படம் 1.03. கோடு.

இடையில் ஐந்து நிமிடம்.

அந்த ஐந்து நிமிடமும் அவள் பத்தடி தூரத்தில் நின்றிருந்தாள்.

யாராக இருந்தாலும் முதலில் பயம் வரும். ஷாமினிக்குக் கோபம் வந்தது. கமலநாதன் ஆள் வைத்துவிட்டான், பயமுறுத்தி நிறுத்தப் பார்க்கிறான் என்றுதான் அவள் புத்தி போனது.

"யாரு அங்க? வெளிய வா!" என்று கத்தினாள். "கமலநாதன் அனுப்புனாரா? எங்கிட்ட இந்த வேலையெல்லாம் வெச்சுக்காத. சொல்லிட்டேன்."

தகரக் கூரையில் அவள் குரல் மோதித் திரும்பி வந்தது. வேறு சத்தம் இல்லை. கதவுகளைப் போய்ப் பார்த்தாள். பூட்டு பூட்டியபடி. தாழ்ப்பாள் போட்டபடி. இரும்பு அலமாரிக்குப் பின்னால் பார்த்தாள். உடைந்து கிடந்த முதல் இரண்டு பீமுக்கு அந்தப் பக்கம் பார்த்தாள். யாரும் இல்லை.

சரி, யாராயிருந்தால் என்ன? பீம் பொய் சொல்லாது. மறுபடி பம்பைப் பிடித்தாள்.

1.31. நாற்பது.

படத்தைப் பார்த்தாள். விரிசல், கோடு, 80. அது சரி. எழுதுகிறவன் யாராக இருந்தாலும் எல்லா எண்ணையும் இரண்டு மடங்காக எழுதுகிறான். ஆனால் அதற்குப் பக்கத்தில் இன்னொரு கோடு இருந்தது. வளைந்து, ஓர் இடத்தில் ஒடிந்து, மறுபடி நீண்ட கோடு. நுனியில் 100.

அந்தக் கோட்டுக்குக் கீழே விரிசல் இல்லை.

இன்னும் வரவில்லை.

"பார்க்கலாம்" என்றாள் ஷாமினி. சத்தமாகவே சொன்னாள். யாரிடம் சொன்னாள் என்று இன்றுவரை அவளுக்குத் தெரியாது.

ஸ்ஸ்... டக். ஸ்ஸ்... டக். நாற்பத்து மூன்று. நாற்பத்தேழு.

டிக்.

உள்ளே எங்கோ ஒரு ஸ்க்ரூ தெறித்தது. அவளுக்குத் தெரியும் அந்தச் சத்தம்.

1.44. ஐம்பது. குச்சியை நீட்டினாள். படம் கலங்கிவிட்டது, அழித்துவிட்டு மறுபடி எடுத்தாள்.

விரிசல் வந்திருந்தது. அந்தக் கோட்டின் மேலேயே... வளைந்த இடத்தில் வளைந்து, ஒடிந்த இடத்தில் ஒடிந்து, பென்சில் போன வழியிலேயே போயிருந்தது.

அதற்கு அப்பால், முட்டுக்குப் பக்கத்தில், இன்னொரு கோடு. பலகையின் அகலம் முழுக்க. இரண்டு தடவை அழுத்திப் போட்டது. நுனியில் 104.

அதற்குப் பிறகு ஒன்றும் இல்லை.

ஷாமினி மனக்கணக்குப் போட்டாள். இரண்டால் வகுத்தால்... ஐம்பத்திரண்டு. தொண்ணூறு தாங்க வேண்டியது ஐம்பத்திரண்டில் போய்விடும் என்று யாரோ எழுதி வைத்திருக்கிறார்கள்.

பம்பின் கைப்பிடியைப் பிடித்தாள். அப்போதுதான் கேட்டது.

சர்க்... சர்க்... சர்க்...

சுண்ணாம்பின் மேல் பென்சில் தேய்க்கும் சத்தம்.

பீமுக்கு அடியிலிருந்து.

அவள் அசையவில்லை. மின்விசிறி சுற்றிக்கொண்டிருந்தது. வெளியே ஏதோ லோரி பின்னால் எடுக்கும் பீப் சத்தம் கேட்டது. எல்லாம் சாதாரணமாக இருந்தது. அந்த ஒரு சத்தம் மட்டும்...

நின்றது.

ஓர் ஆள் தொண்டையைச் செருமினான்.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?"

நிதானமான குரல். பதற்றம் இல்லை. வேலை நேரத்தில் ஓர் ஆள் இன்னோர் ஆளைக் கேட்கிற மாதிரி.

பதில் சொல்ல வேண்டும் என்று ஷாமினி நினைக்கவில்லை. ஆனால் சொன்னாள்.

"போ... போயிட்டாங்க."

"சரி."

"நீங்க யாரு? வெளிய வாங்க. அடியில இருக்கக் கூடாது. வெளிய வாங்கண்ணே!"

அவள் பம்பிலிருந்து கையை எடுத்தாள். இரண்டு கையையும் நெஞ்சோடு சேர்த்துக்கொண்டாள். இரண்டடி பின்னால் போனாள். இதை அவள் என்னிடம் நூறு தடவை சொல்லியிருக்கிறாள். "மாமா, நான் கைய எடுத்துட்டேன். சத்தியமா எடுத்துட்டேன்."

திரையில் எண் ஓடியது.

50.4.

பம்பை யாரும் தொடவில்லை.

50.9.

"வெளிய வாங்கண்ணே!"

51.5.

"இன்னும் எழுதி முடிக்கல" என்றது குரல்.

51.8.

டிக். டிக்.

52.0.

டப் டப் டப் டப்...

மொத்த ஸ்க்ரூவும் ஒரே மூச்சில் தெறித்தது. தகடு காகிதம் மாதிரி மடங்கியது. கான்கிரீட் பலகை முழுசாகக் கீழே விழுந்தது. தரை அதிர்ந்தது. வெள்ளைத் தூசி எழும்பி எல்லாவற்றையும் மறைத்தது.

1.58.

தூசி அடங்கியதும் மண்டியிட்டு, விளக்கு அடித்துப் பார்த்தாள். பலகைக்கும் தரைக்கும் இடையில் நான்கு விரல் இடைவெளி. அதற்குள் யாரும் இல்லை. யாரும் இருக்கவும் முடியாது.

2.30க்கு இம்ரான் வந்தபோது கதவு திறந்திருந்தது, ஷாமினி வெளியே வெயிலில் நின்றிருந்தாள். முகமெல்லாம் சுண்ணாம்பு. அவன் கிரேனால் பலகையைத் தூக்கிப் புரட்டினான். அடிப்பக்கத்தில் விரிசல்கள் இருந்தன. பென்சில் கோடு ஒன்றுகூட இல்லை. படத்தில் இருக்கிறது, பலகையில் இல்லை.

தகட்டில் ஸ்க்ரூக்களை எண்ணினார்கள். வரைபடத்தில் நாற்பது. இதில் பதினெட்டு.

அப்போது புரிந்தது. கார்த்திகேசு பரிசோதனைக்கென்று ஒழுங்காகச் செய்து அனுப்பியது இரண்டு பீம்தான். மூன்றாவதை எப்படியும் உடைக்கப் போவதில்லை, கமலநாதன் பார்த்துக்கொள்வான். அப்புறம் எதற்குத் தண்டச் செலவு? கட்டடத்துக்கு என்று செய்து குவித்ததில் ஒன்றைத் தூக்கி லோரியில் போட்டுவிட்டார்கள். அந்த விடுதியின் நான்கு மாடியும் இந்தப் பதினெட்டு ஸ்க்ரூவில்தான் நிற்கிறது. ஷாமினிக்கு அதுவரை இருந்த நடுக்கம் போன இடம் தெரியவில்லை.

2.50க்குச் சாப்பாட்டுக்குப் போன இருவரும் வெற்றிலை மென்றுகொண்டு வந்தார்கள். கமலநாதன் உடைந்த பீமைப் பார்த்ததும் குதித்தார். "யாரு உன்ன தொடச் சொன்னா? ஒரு பீஸ் டேமேஜ், அவ்வளவுதான். நம்பர் நூத்திப் பதினெட்டுதான். சைன் பண்ணு!"

ஷாமினி கைப்பேசியைக் கார்த்திகேசு முகத்துக்கு நேரே நீட்டினாள். ஐம்பதில் எடுத்த படம். கோடுகள். 20, 40, 60, 80, 100, 104.

கார்த்திகேசு மெல்லுவதை நிறுத்தினார்.

"இது... யாரு குடுத்தா உனக்கு?"

"நான்தான் எடுத்தேன். இப்பதான்."

"பொய் சொல்லாத. இது எப்ப எடுத்தது? அந்தப் பள்ளத்துல யாரும் போன் கொண்டு போகலையே..."

சொல்லி முடிக்கும் முன்பே நாக்கைக் கடித்துக்கொண்டார். கமலநாதன் கூப்பிடக் கூப்பிடத் திரும்பிப் பார்க்காமல் காருக்குப் போனார். வண்டி வாசல் தூணில் உரசிக்கொண்டு வெளியேறியது.

எந்தப் பள்ளம்? ஷாமினிக்கு ஒன்றும் விளங்கவில்லை. ஆனால் மணி மூன்று ஆகப் போகிறது, அறிக்கை மேசையில் கிடக்கிறது. போய் எடுத்தாள். 118 என்ற எண்ணைக் கிழிகிற அளவுக்கு அடித்தாள். பக்கத்தில் எழுதினாள்: 52இல் உடைந்தது. நாற்பது ஸ்க்ரூவுக்குப் பதில் பதினெட்டு. இந்தக் கட்டடத்தில் யாரும் குடியிருக்கக் கூடாது. கீழே முழுப் பெயர், தேதி, நேரம், கையெழுத்து.

"கையெழுத்துதானே கேட்டீங்க போஸ்? இந்தாங்க."

அவர் பிடுங்குவதற்குள் அதைப் படம் பிடித்து, நகராண்மைக் கழகத்துக்கும் தொழிற்சாலைக்கும் அனுப்பிவிட்டாள். நான்கு மணிக்கு அவளுக்கு வேலை போய்விட்டது. மறுநாள் காலை எட்டு மணிக்கு அந்த விடுதிக்குப் பேருந்து வரவில்லை. அறுபத்து நான்கு பேரும் பழைய இடத்திலேயே இருந்தார்கள். கட்டடத்துக்குத் திங்கட்கிழமை சீல் வைத்தார்கள்.

அத்தோடு விட்டிருப்பாள். விடாதது இம்ரான். பள்ளம் என்ற வார்த்தை அவனை அரித்தது. அவன் ஊர்க்காரன் சாதிக் முன்பு கார்த்திகேசுவிடம் வேலை பார்த்து, திடீரென்று ஜொகூருக்கு மாற்றப்பட்டவன். அவனுக்குப் படத்தை அனுப்பினான். சாதிக் இரண்டு நாள் பதில் போடவில்லை. மூன்றாம் நாள் ஷாமினியைப் போனில் கூப்பிட்டு அழுதான்.

"அக்கா, இது சம்பந்தம் அண்ணன் எழுத்து."

ஞானசம்பந்தம். மயிலாடுதுறைப் பக்கம். நாற்பத்தொரு வயது, கான்கிரீட் வார்ப்பதற்கு மரப்பலகை அடிக்கும் ஆசாரி. நான்கு மாதத்துக்கு முன், விடுதி கட்ட ஆரம்பித்த சமயம். ஸ்க்ரூவைப் பாதியாகக் குறைத்தால் தாங்குமா என்று கார்த்திகேசுவுக்குப் பார்க்க வேண்டியிருந்தது. தண்ணீர்த் தொட்டிக்காகத் தோண்டிய பள்ளத்துக்கு மேல் ஒரு பகுதித் தரையைப் போட்டு, அதன் மேல் சிமெண்ட் மூட்டைகளை அடுக்கச் சொன்னார். ஒரு மூட்டை ஐம்பது கிலோ. இருபது மூட்டை ஒரு டன். எண் ஏன் இரண்டு மடங்காக இருந்தது என்று ஷாமினிக்கு அந்த இடத்தில் புரிந்தது. அவர் எழுதியது மூட்டைக் கணக்கு.

பள்ளத்துக்குள் இறங்கி, மல்லாந்து படுத்து, விரிசலுக்குக் கோடு போடுவது சம்பந்தத்தின் வேலை. விளக்குப் பிடித்தது சாதிக். நூறாவது மூட்டையில் முதல் டிக் கேட்டது. சம்பந்தம் சாதிக்கைப் பிடித்து மேலே தள்ளிவிட்டார். அப்புறம் கீழேயிருந்து குரல் கொடுத்தார்.

"எல்லாரும் வெளிய போயிட்டாங்களா?"

"போயாச்சு" என்றார் மேலே நின்ற கார்த்திகேசு. "இன்னும் நாலு மூட்டை. நீ நம்பர எழுது."

அன்று இரவே வேலையாட்கள் எல்லாரையும் லோரியில் ஏற்றி ஜொகூருக்கு அனுப்பிவிட்டார்கள். தீயணைப்புப் படை வந்து தூக்கிவிட்டது, ஆஸ்பத்திரியில் இருக்கிறார் என்று சொன்னார்கள். ஒரு வாரம் கழித்து, ஆஸ்பத்திரியிலிருந்து ஓடிவிட்டான் என்றார்கள். ஊரில் அவர் மனைவி கிருஷ்ணம்மாளுக்கும் அதையே சொன்னார்கள். உங்கள் வீட்டுக்காரர் எங்கேயோ ஓடிவிட்டார், வந்தால் எங்களுக்குத் தகவல் சொல்லுங்கள் என்று.

போலீஸ் வந்து பள்ளம் இருந்த இடத்தைத் தோண்டியது. அங்கே இப்போது துணி துவைக்கும் அறை இருந்தது. தரையைப் பெயர்த்து, மண்ணை அள்ளி, இரண்டாம் நாள் அந்தப் பலகையைத் தொட்டார்கள். கார்த்திகேசு உள்ளே இருக்கிறார், வழக்கு நடக்கிறது. கூடத்தில் பேசிய குரலுக்கும், தானாக ஏறிய எண்ணுக்கும், படத்தில் இருந்து பலகையில் இல்லாத கோட்டுக்கும் யாரிடமும் பதில் இல்லை. போலீஸ் அதைக் கேட்கவும் இல்லை.

அவர்கள் கண்டுபிடித்ததை மட்டும் சொல்லிவிடுகிறேன். பலகை முழுசாக விழவில்லை. ஒரு பக்கம் பள்ளத்தின் சுவரில் சாய்ந்து நின்றிருந்தது. அடியில் ஓர் ஆள் படுக்கிற இடம் இருந்தது. ஞானசம்பந்தம் மல்லாந்து கிடந்தார். இடுப்புக்குக் கீழே நசுங்கியிருந்தது. மேலே காயம் இல்லை. இடது மணிக்கட்டில், இருட்டிலும் முள் தெரியும் பழைய கடிகாரம். வலது கையில் பென்சில்.

முகத்துக்கு ஒரு முழ உயரத்தில் இருந்த கான்கிரீட்டில் மூட்டைக் கணக்கு இருந்தது. அது 104இல் முடிந்தது. அதற்குக் கீழே வேறு எண்கள். அவை மூட்டை இல்லை, மணி. வியாழன் மாலை 6.20. 7.00. 8.10. 9.30. இரவு முழுக்க எழுதியிருந்தார். கோடு கோணலாகி, ஒன்றின் மேல் ஒன்று ஏறி, ஆனால் நிற்காமல். மறுநாள் வெள்ளிக்கிழமை காலை 10.40க்குக் குடிநுழைவுத் துறையில், ஞானசம்பந்தம் என்ற தொழிலாளி ஓடிவிட்டதாகக் கார்த்திகேசு கையெழுத்துப் போட்டுப் புகார் கொடுத்திருக்கிறார். கான்கிரீட்டில் 11.00 இருந்தது. 12.00 இருந்தது. 2.30 இருந்தது.

கடைசியாக எழுதியிருந்தது 4.15.

பள்ளத்தை மூட மண் கொண்டுவந்த லோரியின் ரசீதைப் போலீஸ் கார்த்திகேசுவின் அலுவலகத்தில் எடுத்தது. அதே வெள்ளிக்கிழமை. மண் கொட்டிய நேரம் மாலை 4.20.